அப்பாவுக்குச் சுருள்பாசி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: 2025 மார்ச் 3, இரவு 10.15

அப்பாவுக்கு வயது 64. இனிப்பு நீரால் (நீரிழிவால்) சிறுநீரகம் போய், போன வருஷத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தைப்பூசத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் ஸ்பைருலினா (சுருள்பாசி) மாத்திரை இரண்டு போத்தல் கொடுத்துவிட்டுப் போனார். "இது கடல்பாசி, நாசா விண்வெளி வீரர்களுக்குக் கொடுப்பது, மூன்றே மாதத்தில் டயாலிசிஸையே நிறுத்திவிடலாம்" என்கிறார். ஒரு போத்தல் 180 வெள்ளி (ரிங்கிட்). 500 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு 6 என்று எழுதியிருக்கிறது. அப்பா ஆசையோடு தினமும் கேட்கிறார். கொடுக்கலாமா? பாசியில் நிஜமாகவே மருந்து இருக்கிறதா?

மார்ச் 3, இரவு 11.02

கொடுக்காதீர்கள். சிறுநீரகம் போனவருக்குப் புரதமும் பொட்டாசியமும் ஆகாது, சுருள்பாசியில் இரண்டும் அதிகம். டயாலிசிஸை நிறுத்தும் பேச்சு வீட்டில் எழுந்தால் உடனே மையத்து நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 7.20

நான் டாக்டர் கிடையாது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனை மில்லின் ஆய்வுக்கூடத்தில் 29 வருடம் வேலை பார்த்தவன். ஊர்ப் பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். எண்ணெயைச் சோதிப்பது பாதி வேலை, கழிவுநீரைச் சோதிப்பது மீதி. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வரும். 80 டிகிரிக்கு மேல் சூட்டோடு, பழுப்பாக, கஞ்சி மாதிரி வெளியே வரும். அதைக் குளம் குளமாக மாற்றிவிடுவார்கள். முதல் குளங்கள் கறுப்பு, நாற்றம், ஓயாமல் குமிழி. கடைசிக் குளம் பச்சை.

அந்தப் பச்சைதான் நுண்பாசி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிராணி ஒருவர் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். கண்ணாடித் தகட்டில் பச்சை உருண்டைகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. ஒரு கடுகின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும், அவ்வளவு சின்னது. அது குளோரெல்லா வகை. அன்றிலிருந்து எனக்குப் பாசி மேல் ஒரு பிரியம். ஆகவே நான் பாசிக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேள்விக்கு வருகிறேன். பாசியில் நல்ல சத்துகள் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் 'பாசி' என்று ஒரே பொருள் கிடையாது. குளோரெல்லா வேறு, சுருள்பாசி வேறு, உப்பு ஏரியில் வளரும் டுனாலியெல்லா வேறு. சுருள்பாசி கடலில் வளர்வதும் இல்லை. சோடா உப்பு நிறைந்த, காரத்தன்மை அதிகமான ஏரித் தண்ணீரில் வளர்வது. பி.எச். 9, 10 என்று இருக்கும், வேறு பல உயிர்கள் அங்கே தாங்காது. மெக்சிகோவில் அஸ்தெக் மக்கள் தெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து அதை அள்ளிக் காயவைத்துத் தின்றார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் கானெம்பு பெண்கள் இன்றும் அள்ளுகிறார்கள். மணலில் ஊற்றிக் காயவைத்து வில்லையாக உடைத்து, குழம்பில் போடுவார்கள். அதற்கு திஹே என்று பெயர். மருந்தாக இல்லை, நாம் கீரை சேர்க்கிற மாதிரி.

நாசா விஷயம்: நீண்ட விண்வெளிப் பயணத்துக்கு உணவாக வளர்க்க முடியுமா என்று ஆராய்ந்தது உண்மை. சிறுநீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 4, இரவு 9.40

நேற்று இரவு எழுதியதில் ஒன்று சரியில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

காய்ந்த சுருள்பாசி 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 1,360 மில்லிகிராம். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் யாரும் 100 கிராம் தின்பதில்லை. உங்கள் போத்தலில் 500 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு 6 என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அது 3 கிராம். அதில் பொட்டாசியம் 41 மில்லிகிராம்தான். ஒரு வாழைப்பழத்தில் 400 இருக்கும். ஆக பொட்டாசியத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியது தப்பு. காரணம் வேறு, அதை எழுதுகிறேன்.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 100 கிராமில் புரதம் 57 கிராம் என்பது பெரிய பெருமை. 3 கிராமில் எவ்வளவு? 1.7 கிராம். ஒரு முட்டையில் 6. போத்தலில் 180 மாத்திரை என்றால் மொத்தம் 90 கிராம் பொடி, அதில் புரதம் 52 கிராம் சுமார். ஒன்பது முட்டை! ஒன்பது முட்டைக்கு நம் சந்தையில் ஐந்து வெள்ளிகூட ஆகாது. இரும்புச்சத்தும் அப்படித்தான். 100 கிராமில் 28 மில்லிகிராம், ஆறு மாத்திரையில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

மார்ச் 5, மாலை 6.10

காலையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு 20 வருடமாக இனிப்பு நீர். தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு மாற்றியபோது உரம் போட்டு, எங்கள் எல்லாரையும் படிக்கவைத்தவர். 2014இல் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். நேரடி விற்பனைக்காரர்கள் வந்து பச்சை மாத்திரையைக் காட்டிப் பேசினார்கள். அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, நீதானே லேப்பில் பாசி பார்க்கிறவன், இது நல்லதா?" நான் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லதுதான் அக்கா, புரதம் நிறைய" என்றேன். எத்தனை மாத்திரை, எதற்காக வாங்குகிறார், கிளினிக் மருந்து என்ன ஆகும் என்று ஒன்றும் கேட்கவில்லை.

நான் சொன்னதை நம்பி அக்கா கிளினிக் மாத்திரையை நான்கு மாதம் நிறுத்திவிட்டார். 'இரண்டும் சேர்ந்து தின்னக் கூடாது' என்று விற்றவர் சொன்னாராம். உடம்பு லேசாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வார். காலில் முள் குத்தியதே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 22 மில்லிமோல், மிக அதிகம். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அக்காவுக்கும் இப்போது டயாலிசிஸ்தான். அந்த நான்கு மாதத்தால்தான் சிறுநீரகம் போனது என்று டாக்டர் சொல்லவில்லை, பல வருட இனிப்பு நீர் என்றுதான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு விரல்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். அதனால்தான் மூன்றாம் தேதி உங்கள் கேள்வியைப் பார்த்ததும் யோசிக்காமல் 'கொடுக்காதீர்கள்' என்று எழுதினேன்.

மார்ச் 5, இரவு 8.30

அந்த மாத்திரை அக்காவை விஷமாக ஒன்றும் செய்யவில்லை. அதோடு வந்த பேச்சுதான் செய்தது. தங்கச்சி, அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் ஆசைப்படுவது மாத்திரைக்கு இல்லை, வாரம் மூன்று நாள் நான்கு நான்கு மணி நேரம் ஊசியோடு படுக்காமல் இருப்பதற்கு. அந்த ஆசையைக் கேலி செய்யாதீர்கள்.

மார்ச் 6, காலை 6.50

இன்னொரு திருத்தம். புரதம் ஆகாது என்று எழுதினேன், அதுவும் தப்பு. டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பு, சிறுநீரகம் பாதி வேலை செய்யும் காலத்தில்தான் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு தலைகீழ். ஒவ்வொரு தடவையும் இரத்தத்திலிருந்து அமினோ அமிலம் கொஞ்சம் வெளியே போகிறது, அதனால் கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். அக்காவுக்கு உணவியல் நிபுணர் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன், அளவோடு. வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் குறைவு என்பதால் அதற்கு முதல் இடம்.

மார்ச் 8, மதியம் 2.15

பத்தாங் காலியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: மில் குளத்தில் சும்மா வளர்கிற பாசியை அறுவடை செய்து மாத்திரையாக்கினால் மலேசியாவே பணக்கார நாடாகாதா?

இதே கேள்வி எனக்கும் பல வருடம் இருந்தது. கழிவுநீரில் நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை. மலாயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாங் சியூ மொய் குழு ரப்பர் தொழிற்சாலைக் கழிவுநீரிலும் சவ்வரிசி மாவு ஆலைக் கழிவுநீரிலும் பாசி வளர்த்து ஆராய்ந்திருக்கிறது. பாசி தண்ணீரையும் சுத்தம் செய்யும், கடைசியில் ஒரு பொருளும் கிடைக்கும். அருமையான யோசனைதான்.

ஆனால் பாசி ஏன் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது? தண்ணீரில் உள்ளதைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்வதால். நைட்ரஜனை இழுப்பது மாதிரியே ஈயம், காட்மியம் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். அந்தக் குணத்துக்காகவே கழிவுநீரிலிருந்து உலோகத்தை எடுக்கப் பாசியைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். மீன் தீவனம், உரம், எரிபொருள் என்று போனால் சரி. மனிதன் வாயில் போடுவதென்றால் முதல் கேள்வி, இது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

எங்கள் கடைசிக் குளத்தைப் பற்றி ஒன்று. காலை ஆறு மணிக்கு மாதிரி எடுத்தால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் ஏறியிருக்கும், பி.எச்சும் ஏறியிருக்கும். பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை விடுகிறது, இரவெல்லாம் அதே பாசி சுவாசிக்கிறது. 1977 விதிகள் வந்து ஆற்றுக்கு விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) அளவைப் படிப்படியாக 5,000இலிருந்து 100க்கு இறக்கியபோது, ஒவ்வொரு மில்லும் இந்தக் குளங்களை நம்பித்தான் இருந்தது. 30 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் சோதனை அது. எத்தனை ஆயிரம் போத்தல் வைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பாசி அதிகமாகிச் செத்துப்போனால் அதே பாசியால் பி.ஓ.டி. ஏறிவிடும். ஆகாயம் மூடிய வாரத்தில் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

மார்ச் 9, இரவு 10.05

தண்ணீர் பற்றி எழுதிய பிறகு இதைச் சொல்லாமல் தூங்க முடியவில்லை.

1996, பிரேசிலில் கருவாரு என்ற நகரம். டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு லாரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணீரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. அந்தத் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு, மைக்ரோசிஸ்டின். 100க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கண் மங்கல், வாந்தி, பிறகு அவர்களில் பலருக்கு ஈரல் செயலிழப்பு. 50க்கும் மேற்பட்டவர்கள் அந்த நஞ்சால் இறந்தார்கள். ஒரு தடவை டயாலிசிஸுக்கு 120 லிட்டர் போலத் தண்ணீர் தேவை, இரத்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான். வயிறு என்ற காவல்காரன் அங்கே இல்லை.

இதைப் படித்து அப்பாவை டயாலிசிஸுக்கு அனுப்பப் பயப்படாதீர்கள். மையங்களில் கரி வடிகட்டி, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் எல்லாம் இருப்பது இதற்குத்தான். அக்காவின் மையத்தில் ஒருநாள் கேட்டேன், டெக்னீஷியன் தம்பி பின்கட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

சுருள்பாசி இந்த மைக்ரோசிஸ்டினை உண்டாக்குவதில்லை. ஆனால் திறந்த ஏரியில் அள்ளும் பாசியோடு நஞ்சுள்ள வேறு பாசி கலந்து வரலாம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து அப்பர் கிளமத் ஏரியில் அள்ளும் நீலப்பச்சைப் பாசியில் இது நடந்தது. 1997இல் அந்த மாநிலம் ஒரு கிராம் பொடிக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. ஆக நல்ல சத்து தருவதும் இந்தக் குடும்பம்தான், நஞ்சு தருவதும் இதே குடும்பம்தான். எந்த வகை, எங்கே வளர்ந்தது, யார் சோதித்தார்கள் என்று தெரியாத பச்சைப் பொடியை நோயாளிக்குக் கொடுக்க நான் தயங்குவது இதனால்தான். பொட்டாசியத்தால் இல்லை.

மார்ச் 11, மாலை 5.30

சின்ன சோதனை. என் மருமகள் சந்தையில் வாங்கிவைத்திருந்த சுருள்பாசிப் பொடி, ஒரு தேக்கரண்டி. கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கலக்கி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு. இன்று காலை பொடி அடியில் படிந்துவிட்டது, மேலே தண்ணீர் நீலம். பச்சை இல்லை, நல்ல சங்குப்பூ நீலம். ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்து ஓரத்திலிருந்து பார்த்தால் அந்த நீலத்துக்குள் சிவப்பு மினுமினுக்கிறது. பேரன் குவளையைக் கீழே வைக்கவே இல்லை.

அந்த நீலம் பைகோசயனின். சுருள்பாசியில் பேசத் தகுந்த பொருள் இதுதான் என்பது என் எண்ணம். ஆய்வுக்கூடத்தில் வீக்கத்தைத் தணிக்கும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணங்கள் தெரிகின்றன. உணவுக்கு நீல நிறம் கொடுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள், 2013இல் அமெரிக்காவில் மிட்டாய்க்கும் சுவிங்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் கெட்ட கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் ஓரளவு குறைந்ததாக வந்திருக்கிறது. சின்ன ஆய்வுகள், சில வாரம் அல்லது சில மாதம் நடந்தவை. போன சிறுநீரகத்தைத் திருப்பித் தரும் என்று எதுவும் இல்லை.

பாதி நீலத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். நீலம் போய்விட்டது. கஞ்சியில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மார்ச் 11, இரவு 7.45

'பச்சைத் தண்ணீர்' என்று எழுதியது காய்ச்சாத தண்ணீர் என்ற பொருளில். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

மார்ச் 12, காலை 8.00

சைவக்காரர்கள் பி12க்குச் சுருள்பாசி சாப்பிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் பத்து வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் சொல்ல மாட்டேன். சுருள்பாசியில் பி12 மாதிரி ஒன்று இருக்கிறது, பெரும்பகுதி போலி பி12. நம் உடம்புக்குப் பயன்படாது. ஜப்பானில் சுருள்பாசி மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்தபோது 83 சதவீதம் போலி, 17 சதவீதம்தான் அசல். பி12 குறைந்தால் கை கால் மரத்துப்போகும். நீரிழிவுக்காரர்களுக்கு அதே மரப்பு வேறு காரணத்தாலும் வரும், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையவும் செய்யும். பாசியை நம்பி உட்கார்ந்திருக்காமல் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

சைவக்காரர்களுக்குப் பாசி நிஜமாக உதவும் இடம் வேறு: டி.எச்.ஏ. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3. மீன் அதைத் தானாகச் செய்வதில்லை, பாசியிலிருந்து வருவதைத்தான் சேர்த்துவைக்கிறது. சின்ன உயிர் பாசியைத் தின்னும், சின்ன மீன் அதைத் தின்னும், கெம்போங் மீன் அதைத் தின்னும், நாம் கெம்போங்கைப் பொரித்துத் தின்கிறோம். அந்த வரிசையைக் குறுக்கே வெட்டி நேரே மூலத்துக்குப் போனதுதான் பாசி எண்ணெய். குழந்தைகளின் பால்மாவில் டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதில் பல இப்படி வந்ததுதான். மூடிய எஃகுத் தொட்டியில், வெளிச்சமே இல்லாமல், சர்க்கரை கொடுத்து வளர்ப்பார்கள். என்ன தண்ணீர், என்ன தீவனம் என்று எல்லாம் கையில் இருக்கும். பாசியை நம்பி ஒரு பொருள் வாங்கச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். புரட்டாசி ஒரு மாதம் மட்டும் சைவம் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. கெம்போங் போதும்.

மார்ச் 12, இரவு 9.10

இரண்டு திருத்தம். தொட்டியில் வளர்க்கும் ஸ்கைசோகைட்ரியம் கண்டிப்பான அர்த்தத்தில் பாசி இல்லை, பாசிக்குத் தூரத்து உறவு. சுருள்பாசியும் அப்படித்தான். அது நீலப்பச்சை பாக்டீரியா வகை, பழக்கத்தில் பாசி என்கிறோம். வியாபாரத்தில் எல்லாமே நுண்பாசிதான்.

மார்ச் 15, மாலை 4.00

கோயில் சுற்றுச்சுவரில் ஆரஞ்சு நிறத்தில் பொடி மாதிரி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பழைய பால்மரங்களின் பட்டையிலும் இருக்கும். சின்ன வயதில் யாரோ மஞ்சளும் குங்குமமும் பூசியது என்று நினைப்பேன். அதுவும் பாசி, ட்ரென்டெபோலியா. பச்சைப் பாசிக் குடும்பம், ஆனால் கரோட்டின் பச்சையை மறைத்துவிடுகிறது.

இதே வேலையைத்தான் டுனாலியெல்லா உப்பு ஏரியில் செய்கிறது. உப்பும் வெயிலும் ஏற ஏற, தன்னைக் காத்துக்கொள்ள பீட்டா கரோட்டினைச் சேர்க்கிறது. உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை போகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால், அங்கேயே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். ஹெமட்டோகாக்கஸ் இன்னொன்று. நன்றாக இருக்கும்போது பச்சை, தண்ணீர் வற்றி வெயில் அடித்தால் இரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு அஸ்டாசாந்தின். இறாலை வேகவைக்கும்போது சிவப்பு வெளிப்படுகிறதே, அது இதே பொருள். கஷ்டம் வரும்போதுதான் பாசி இந்த நல்ல சரக்குகளைச் செய்கிறது.

கரோட்டினுக்கு நாம் ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை என்பதையும் ஒரு மில்காரனாகச் சொல்ல வேண்டும். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் வைத்திருக்கிறது. அந்தச் சிவப்பை வெளுத்து எடுத்துவிட்டுத்தான் நமக்குச் சமையலெண்ணெயாக விற்கிறார்கள். 29 வருடம் அந்தச் சிவப்பைக் கையில் துடைத்துக்கொண்டே இருந்தவன், ஒருநாளும் சோற்றில் ஊற்றியதில்லை.

மாமனார் சிகரெட் பிடிப்பவர், கரோட்டின் மாத்திரை நுரையீரலுக்கு நல்லதா என்று கேட்ட தங்கச்சிக்கு: வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது, 1994இல் முடிவு வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அது செயற்கைக் கரோட்டின், பாசியிலிருந்து வந்தது இல்லை என்பார்கள். இருந்தாலும் புகைபிடிப்பவரிடம் பரிசோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை இது. கேரட் சாப்பிடட்டும், சிகரெட்டை விடட்டும்.

மார்ச் 16, காலை 10.20

போத்தலைப் பார்க்கும் விதம். 'மால்' (MAL) என்று ஆரம்பித்து எட்டு இலக்கம், கடைசியில் எழுத்து இருக்கிறதா? இலக்கத்துக்கு அடுத்த எழுத்து 'என்' (N) என்றால் ஊட்டச்சத்துப் பொருள், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. (NPRA) இணையதளத்தில் போட்டால் பொருளின் பெயர் வர வேண்டும். பெயர் வேறாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ மூடிவைத்துவிடுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் 'நோயைக் குணமாக்கும்' என்று சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் 20 நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. இனிப்பு நீரும் சிறுநீரக நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் சொந்தக்காரரைப் போலீஸில் பிடித்துக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் வாங்கியிருப்பார்.

மார்ச் 16, காலை 10.45

விட்டுப்போனது: குளோரெல்லாவில் வைட்டமின் கே அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. 1977இல் ஜப்பானில் சரியாகப் பதப்படுத்தாத குளோரெல்லா தின்றவர்களுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோனது. பச்சையம் சிதைந்து வரும் பொருள் ஒன்றுதான் காரணம். நம் வெயிலை நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 19, இரவு 8.50

வீட்டில் வாளியில் சுருள்பாசி வளர்க்கலாமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். முடியும், ஆனால் குளத்திலிருந்து பச்சையை அள்ளி வந்து கண்டிப்பாக வேண்டாம். தமிழ்நாட்டில் சென்னையிலிருக்கும் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராமத்துப் பெண்கள் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பல வருடங்களுக்கு முன்பே பரப்பியது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் இப்போது பெரிய பண்ணையே இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: நம்பிக்கையான இடத்து விதைப்பாசி, சோடா உப்பு, பி.எச். 9க்கு மேல் போகாமல் கீழே விழுந்துவிட்டதா என்று தினம் பார்ப்பது, கிண்டிவிடுவது, நுண்ணோக்கியில் சுருள் சுருளாக இருக்கிறதா என்று பார்ப்பது. சுருளுக்கு நடுவே உருண்டை தெரிந்தால் வேறு ஏதோ புகுந்துவிட்டது. நுண்ணோக்கி இல்லாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? நான் வைத்திருக்கிறேன், நானே இன்னும் துணியவில்லை.

மார்ச் 19, இரவு 9.05

பி.எச். வாக்கியம் குழப்பிவிட்டது. 9க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று படிக்கவும்.

மார்ச் 21, மாலை 6.40

அப்பா மாத்திரையைத் தானே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார், நான்கு நாளாகிறது, என்று எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. பதறாதீர்கள், அவரைத் திட்டவும் வேண்டாம். டயாலிசிஸை விடவில்லை, இன்சுலினை விடவில்லை என்றால் நான்கு நாளில் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்காது. ஆனால் நர்ஸிடம் மறைக்க வேண்டாம், மாதாந்திர இரத்தப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் எண் மாறும்போது காரணம் புரியும்.

அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று சொன்னீர்கள். அக்காவுக்கும் அதே நாள், அதே காலை ஷிப்ட், கோலசிலாங்கூரில். நாளை அக்காவை இறக்கிவிட்டு நான் வாசலில் நீல நிற பெஞ்சில்தான் இருப்பேன். இரண்டு போத்தலையும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே எண்ணைப் போட்டுப் பார்ப்போம். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த அண்ணனிடம் நானே பேசுகிறேன், காலைக் காட்டுகிறேன்" என்கிறார். முட்டை வெள்ளைக்கருவை மிளகு போட்டு வதக்கி இரண்டு டப்பாவில் கட்டித் தருகிறாராம், ஒன்று அப்பாவுக்கு.